பழைய இசைத்தட்டைக் கழுவினால் பாட்டு தெளியுமா?



"வீட்டில் அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. போட்டால் வாணலியில் கடுகு வெடிப்பதுபோல் சத்தம் கேட்கிறது. கழுவினால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். கழுவினால் அடியோடு கெட்டுவிடும் என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதை நம்புவது?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இது ஒரு வீட்டுக் கேள்வியும் அல்ல. நான் குடியிருக்கும் பாகான் டாலாமில், தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு வந்து குடியேறிய குடும்பங்கள் பல உண்டு. வரும்போது அம்மிக்கல்லைக்கூட விட்டுவிட்டு வந்தவர்கள், சாமிப் படத்தையும் பாட்டுப் பெட்டியையும் விடாமல் தூக்கி வந்தார்கள். பெட்டி பழுதாகிப் போயிருக்கும். தட்டுகள் மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். படகேறி அக்கரைக்குப் போய், பினாங்கு நகர அரங்கத்தின் பக்கத்திலுள்ள லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையைச் சுற்றினால், யார் வீட்டிலிருந்தோ வந்த இசைத்தட்டுகளை அங்கே காணலாம்.

இவை செத்துப்போன சரக்கு என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படி இல்லை. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டின் முதல் பாதியில், இசைத்தட்டு விற்பனையில் வந்த வருமானம் குறுந்தட்டு வருமானத்தைத் தாண்டிவிட்டது. 1980களுக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. நம் பிள்ளைகளும் புதிய தட்டுச் சுழலிகளை வாங்கி வந்து, "தாத்தாவின் ரெக்கார்டு எங்கே?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே சகோதரியின் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லிவிடலாம்.

பதிலைச் சுருக்கமாக முதலில் சொல்கிறேன். கழுவினால் பாட்டு தெளியும். ஆனால் காலம் கொண்டுவந்து சேர்த்த அழுக்கு மட்டுமே போகும். ஊசி தின்றுவிட்ட ஒலி திரும்பி வராது. இந்த இரண்டையும் பிரித்து அறிந்துகொண்டால், எதைக் கழுவுவது, எதைத் தொடாமல் விடுவது, எதைக் காசு கொடுத்து வாங்குவது என்பதெல்லாம் தாமாக விளங்கிவிடும்.

பள்ளத்துக்குள் என்ன இருக்கிறது?

இசைத்தட்டின்மேல் தெரிவது ஒரே ஒரு கோடு. வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே போகிற நீளமான பள்ளம் அது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும் பெரிய தட்டில், 20 நிமிடப் பாட்டுக்கு 660க்கும் மேற்பட்ட சுற்றுகள். அந்தக் கோட்டைப் பிரித்து நீட்டினால் ஒரு பக்கத்துக்கு 400 மீட்டருக்கு மேல் வரும். அகலமோ ஒரு தலைமயிரின் பருமன் அளவுதான். பள்ளத்தின் இரு சுவர்களும் நேராக இல்லாமல் நெளிந்து நெளிந்து போகின்றன. அந்த நெளிவுதான் பாட்டு. ஊசி அந்த நெளிவைத் தடவிக்கொண்டு போகும்போது அதிர்கிறது. அந்த அதிர்வைக் கருவி ஒலியாக்குகிறது.

ஆகவே பள்ளத்துக்குள் ஒரு தூசி விழுந்து கிடந்தால், ஊசிக்கு அது தூசி என்று தெரியாது. அதையும் பாட்டு என்றே எண்ணிப் படிக்கும். 'பட்' என்று ஒரு வெடிச்சத்தம் எழும். இப்படி ஆயிரம் தூசி கிடந்தால் அதுதான் சகோதரி சொன்ன கடுகு வெடிக்கும் சத்தம்.

பால்மரம் வெட்டிய நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலையில் மரத்தடிக்குப் போனதும் முதல் வேலை என்ன? முதல் வெட்டின் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுப்பது. அதை உரிக்காமல் கத்தியை வைத்தால் கத்தி வழுக்கும். பாலும் நேராக ஓடாது. உரித்துவிட்டால் கோடு தெளிவாகத் தெரியும். ஆனால் முன்பு வெட்டியவர் ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்தியிருந்தால்? ஒட்டிய பாலை எத்தனை சுத்தமாக உரித்தாலும் அந்தக் காயம் ஆறாது. அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும். இசைத்தட்டும் அப்படியே. அழுக்கு என்பது ஒட்டிய பால். தேய்மானம் என்பது கத்திக் காயம்.

அழுக்கைப் போக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் அழுக்கே காயமாக மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. ஊசிக் கையின் பாரம் 2 அல்லது 3 கிராம்தான். ஆனால் ஊசி முனை தொடும் இடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அத்தனை சிறிய இடத்தில் அந்தப் பாரம் விழும்போது அழுத்தம் மிகப் பெரிதாகிவிடுகிறது. இடையில் ஒரு மணல் துகள் அகப்பட்டால், ஊசி அதைப் பள்ளத்தின் சுவரில் வைத்து அரைத்துவிடும். அதனால்தான் தெரிந்தவர்கள், "பழைய தட்டு கைக்கு வந்தால், ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காமல் முதலில் சுத்தம் செய்" என்கிறார்கள்.

எந்தத் தட்டு என்று முதலில் பாருங்கள்

தண்ணீரில் கை வைக்கும் முன் தட்டு எந்த வகை என்று அறிந்தாக வேண்டும். இதில் தவறினால் பிறகு திருத்த வழியில்லை.

நம் தாத்தா காலத்துத் தட்டு கனமாக இருக்கும். கீழே விழுந்தால் பீங்கான்போல் உடையும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு. இது அரக்குத் தட்டு. அரக்குப் பூச்சியிலிருந்து எடுத்த அரக்கோடு கல்தூளைக் கலந்து அழுத்திச் செய்தது. அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே உலகத்துக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அரக்கு கிடைக்காமல் அமெரிக்காவில் தட்டுத் தயாரிப்பையே குறைக்க வேண்டி வந்தது.

பிறகு வந்தது வினைல் என்னும் பிளாஸ்டிக் தட்டு. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்றுப் பெரிய தட்டையும், அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுற்றுச் சிறிய தட்டையும் வெளியிட்டன. இவை எடை குறைவு. மெல்ல வளைத்தால் வளையும். நம் வீடுகளில் கிடக்கும் 'நாய் மார்க்' தட்டுகளில், கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆலையில் தயாரானவை மிகுதி. அவற்றில் அரக்கும் உண்டு, வினைலும் உண்டு. ஆகவே அடையாளச் சின்னத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுற்று எண்ணையும் கனத்தையும் பாருங்கள்.

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்? ஸ்பிரிட் எனப்படும் சாராய வகைத் திரவங்கள் அரக்கைக் கரைத்துவிடும். மரச்சாமானுக்கு மெருகு போடும் தச்சர், அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைப்பார். அதே ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து 78 தட்டைத் துடைத்தால் தாத்தாவின் பாட்டு பஞ்சோடு வந்துவிடும். மருந்துக் கடையில் விற்கும் கை சுத்திகரிப்புத் திரவமும் சாராயம் கலந்ததே. அதுவும் வேண்டாம்.

சத்தத்தைக் கேட்டு நோயை அறியலாம்

மருத்துவர் நாடி பிடிப்பதுபோல, தட்டின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயை ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒழுங்கில்லாமல், மழைத்தூறல்போல் பரவலாகப் பொரிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் தூசியும் பூஞ்சணமும்தான். இது கழுவினால் குறையும்.

கடிகாரம்போல் ஒரே இடைவெளியில் 'டக்... டக்...' என்று அடித்தால் அது கீறல். பள்ளங்களைக் குறுக்கே வெட்டிய ஒரு கீறலின்மேல், ஒவ்வொரு சுற்றிலும் ஊசி ஒரு முறை ஏறி இறங்குகிறது. 33⅓ தட்டில் 1.8 வினாடிக்கு ஒரு முறையும், 45 தட்டில் ஏறத்தாழ 1.3 வினாடிக்கு ஒரு முறையும், 78 தட்டில் முக்கால் வினாடிக்குச் சற்று மேலும் இது கேட்கும். கழுவினால் இது போகாது.

ஓரிடத்திலேயே ஊசி சிக்கி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஆழமான கீறலாக இருந்தால் வழியில்லை. பள்ளத்தில் ஒட்டிய சர்க்கரைப் பாகோ, மெழுகோ, கரப்பான் எச்சமோ என்றால் கழுவியதும் பாட்டு நகர்ந்துவிடும்.

பாட்டில் 'ச', 'ஸ' எழுத்துகள் வரும்போது மட்டும் துணி கிழிவதுபோல் கேட்டால், குறிப்பாகத் தட்டின் உட்பகுதிப் பாட்டில் அப்படிக் கேட்டால், முதலில் ஊசி முனையைப் பாருங்கள். அதில் பஞ்சுபோல் அழுக்கு சேர்ந்திருக்கலாம். ஊசி சுத்தமாக இருந்தும் அப்படியே கேட்டால் பள்ளம் தேய்ந்துபோயிற்று என்று பொருள். தேய்ந்த ஊசியால் பல நூறு தடவை ஓட்டிய தட்டுகளுக்கு நேரும் கதி இது.

இன்னொன்றும் உண்டு. சில தட்டுகள் பிறக்கும்போதே இரைச்சலோடு பிறந்தவை. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, பல நாட்டு ஆலைகளில் தட்டுகள் மெலிந்தன. பழைய பிளாஸ்டிக்கை உருக்கித் திரும்பவும் பயன்படுத்துவது மிகுந்தது. அந்த இரைச்சல் தட்டின் உடம்பிலேயே இருப்பது. அதை எந்தச் சோப்பும் போக்காது.

வினைல் தட்டைக் கழுவும் முறை

வேண்டியவை: ஒரு அகன்ற பேசின், சுத்திகரித்த நீர் (மருந்துக் கடையில் வாலை வடிநீர் கிடைக்கும்), வாசனையும் கைக்கு இதமளிக்கும் சேர்க்கையும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம், மிக மென்மையான தூரிகை, நூல் உதிராத இரண்டு மைக்ரோஃபைபர் துணி.

முதலில் தட்டைச் சுழல விட்டு, கார்பன் இழைத் தூரிகையால் மேல்தூசியை எடுங்கள். அந்தத் தூரிகை இல்லையென்றால், மென்தூரிகையால் கோட்டின் போக்கிலேயே மெல்லத் துடையுங்கள். வீட்டுத் துணியால் வறட்டுத் துடைப்புத் துடைக்க வேண்டாம். வினைலைத் தேய்த்தால் மின்னேற்றம் பிறந்து, துடைத்த தூசியைவிட அதிகத் தூசியை இழுத்துக்கொள்ளும். சீப்பை எண்ணெயில்லாத தலையில் வாரிவிட்டுக் காகிதத் துண்டின் அருகே காட்டும் விளையாட்டு நினைவிருக்கிறதல்லவா? அதே கதைதான். குளிர்சாதன அறையில் இது இன்னும் மிகுதி.

அடுத்து, அரை லிட்டர் நீரில் இரண்டே சொட்டுத் திரவம் விடுங்கள். நுரை வந்தால்தான் சுத்தம் என்பது பாத்திரத்துக்குச் சொன்ன பேச்சு. இங்கே சோப்பின் வேலை தண்ணீரை மெலிதாக்கிப் பள்ளத்துக்குள் இறங்கச் செய்வது மட்டுமே. வெறும் தண்ணீர் தட்டின்மேல் சேம்பிலைமேல் உருள்வதுபோல் முத்து முத்தாக நிற்கும், பள்ளத்துக்குள் போகாது.

தட்டின் நடுவிலுள்ள காகித லேபிள் நனையக்கூடாது. ஒரு சிறு பிளாஸ்டிக் மூடியை அதன்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தூரிகையை நனைத்து, பள்ளம் போகும் வட்டத்திலேயே மெல்ல ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு நாலைந்து சுற்றுப் போதும். ஒட்டிய கறை இருந்தால் நகத்தால் சுரண்டாமல், அந்த இடத்தில் ஈரத்தை இரண்டு நிமிடம் ஊற விடுங்கள்.

பிறகு அலசுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சோப்பு பள்ளத்திலேயே காய்ந்தால் அதுவே புது அழுக்காகி இரையும். சோப்பில்லாத சுத்தநீரால் இரண்டு முறை அலச வேண்டும். குழாய் நீரில் கரைந்துள்ள உப்புகள் காய்ந்தபின் பள்ளத்திலேயே தங்கும். அதனால் கடைசி அலசலையாவது வடிநீரில் செய்யுங்கள்.

கடைசியாக, துணியால் ஒற்றி எடுத்து, தட்டுகள் அடுக்கும் ரேக்கில் நிமிர்த்தி நிழலில் உலர விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியைக் காட்டாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலே வினைல் அப்பளம்போல் நெளிந்துவிடும். வெந்நீரும் ஆகாது. நன்றாகக் காய்ந்தபின் புதிய உள்ளுறையில் போடுங்கள். பழைய உறையில் பூஞ்சணத்தின் வித்து இருக்கும். கழுவிய தட்டை அதிலேயே போடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையை மாட்டிக்கொள்வது போன்றது.

அரக்குத் தட்டுக்கு இத்தனை தண்ணீர் ஆகாது. மென்தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, அதே இளஞ்சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சட்டென்று துடைத்து, சுத்தநீர்த் துணியால் மறுபடி துடைத்து, உடனே உலர்த்திவிட வேண்டும். விரிசல் கண்ட தட்டு என்றால் ஈரமே வேண்டாம். சில 78 தட்டுகளின் நடுவே காகித அட்டை வைத்து ஒட்டியிருப்பார்கள். விரிசல் வழியே ஈரம் இறங்கினால் அது உப்பிவிடும். ஓட்டும்போதும் 78 தட்டுக்கு உரிய பருமனான ஊசியே வேண்டும். வினைல் ஊசி அதன் அகன்ற பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே கிடக்கும் குப்பையைத்தான் படிக்கும்.

வசதி உள்ளவர்களுக்கு இயந்திரங்களும் உண்டு. 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கீத் மங்க்ஸ் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம், தட்டில் திரவத்தைப் பரப்பி, பின் அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுத்தது. பி.பி.சி. போன்ற ஒலிபரப்பு நிலையங்கள் அத்தகைய இயந்திரங்களைப் பயன்படுத்தின. இப்போது கேளா ஒலி அலையால் நீரில் நுண்குமிழிகளை எழுப்பி அழுக்கைப் பெயர்க்கும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றின் சிறப்பு, அழுக்கு நீரைப் பள்ளத்தில் தங்க விடாததே. வீட்டில் நாம் இரண்டு முறை அலசுவதும் அதே நோக்கத்துக்குத்தான்.

பாதித் தட்டுச் சோதனை

"இத்தனை செய்தால் காதுக்கு வித்தியாசம் தெரியுமா, அல்லது மனத்திருப்தி மட்டும்தானா?" என்று கேட்பீர்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இனிப் பயனில்லை என்று ஒதுக்கிய, ஆனால் கீறல் அதிகமில்லாத ஒரு வினைல் தட்டை எடுங்கள். அரைநிலா வடிவில் தட்டின் ஒரு பாதியை மட்டும் சொன்ன முறையில் கழுவி உலர்த்துங்கள். மறுபாதியைத் தொடாதீர்கள். பிறகு ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 0.9 வினாடி இரைச்சல், அடுத்த 0.9 வினாடி அமைதி என்று மாறி மாறிக் கேட்கும். ஒரே தட்டு, ஒரே ஊசி, ஒரே பாட்டு. மாறியது அழுக்கு ஒன்றுதான். நான் இதை மாணவர்களுக்குச் செய்துகாட்டியபோது, ஒரு சிறுமி, "சார், மழை விட்டு விட்டுப் பெய்யற மாதிரி இருக்கு" என்றாள். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

அடுக்குமாடியில் எங்கள் வரிசைக்கு மேல் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். அவருடைய பெட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட தட்டுகள் இருந்தன. மகள் அவற்றைப் பழைய இரும்புக்காரனிடம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் உட்கார்ந்து கழுவினோம். பேசின் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. பெரும்பாலானவை கேட்கும்படி ஆயின. பாட்டுக்கு முன்னால் கேட்ட இரைச்சல் தணிந்து, மிருதங்கத்தின் தொப்பிப் பக்க ஒலியும், பாட்டுக்கு நடுவே பாடகி மூச்சு வாங்குவதும்கூடத் தெரிந்தன.

ஆனால் பெரியவருக்கு மிகவும் பிடித்த தட்டு மட்டும் ஏமாற்றிவிட்டது. திருவிழாவுக்குத் திருவிழா, இரவெல்லாம் ஓட்டிய தட்டு அது. கழுவிய பின் பின்னிரைச்சல் அடங்கியது உண்மை. குரலோ முன்னைவிடக் கரகரவென்று கேட்டது. மகள், "கழுவினதால கெட்டுப்போச்சா, சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன் பெரியவரே சொன்னார்: "இல்லம்மா. அழுக்கு மறைச்சிருந்த காயம் இப்பத் தெரியுது. நான்தான் ஓட்டி ஓட்டித் தேய்ச்சேன்." சிறிது நேரம் கழித்து, "பரவாயில்ல, ஊருக்கே கேக்கத்தானே போட்டேன்" என்றார்.

கழுவியதால் கெட்டது என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். இரைச்சல் என்ற திரை விலகியதும், பின்னால் இருக்கும் தேய்மானம் பளிச்சென்று காதில் விழுகிறது. கெட்டது இன்றல்ல, என்றோ கெட்டது.

செய்யக்கூடாதவை

தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். தட்டு கண்ணாடிபோல் மின்னும். ஆனால் எண்ணெய் தூசியைப் பசைபோல் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய், தின்னர், நகப்பூச்சு அகற்றும் திரவம், பாலை உறைய வைக்கும் ஆசிட் ஆகிய எதையும் தட்டின் அருகே கொண்டுவராதீர்கள். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். எடுக்கும்போது ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் தொடுங்கள். விரல் எண்ணெய் பூஞ்சணத்துக்கு விருந்து.

ஊசியையும் கவனியுங்கள். சிறு தூரிகையால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தடவி அழுக்கை எடுக்க வேண்டும். நீலக்கல் வகையான சஃபையர் ஊசி சில பத்து மணி நேரத்தில் தேய்ந்துவிடும். வைர ஊசி சில நூறு மணி நேரம் உழைக்கும். தேய்ந்த ஊசியோடு கழுவிய தட்டை ஓட்டுவது, குழந்தையைக் குளிப்பாட்டி முள்வேலியில் விடுவதற்குச் சமம்.

சந்தையில் வாங்கும்போது, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தூசியும் வெள்ளைப் பூஞ்சணப் புள்ளியும் கண்டு பயப்பட வேண்டாம்; பேரம் பேச அவை உதவும். நகத்துக்குத் தட்டுப்படும் கீறலும், பள்ளங்கள் வெளுத்துச் சாம்பல் பூத்ததுபோன்ற தோற்றமும் இருந்தால் விட்டுவிடுங்கள். பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். பளபளப்பு வேறு, சுத்தம் வேறு.

இத்தனை பாடு எதற்கு?

"கைப்பேசியில் எல்லாப் பாட்டும் இருக்கிறதே, இந்தப் பாடு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். எல்லாப் பாட்டும் இருக்கிறது என்பது உண்மையல்ல. நாடக மேடையின் மன்னராக விளங்கிய எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபோது அவருக்கு வயது 27. வீட்டில் ஒலிநாடாவில் பதிவு செய்யும் வசதி வராத காலம் அது. அவருடைய குரல் இன்று நம் காதில் விழுகிறது என்றால், அது அரக்குத் தட்டில் பதிந்து, யாரோ ஒருவர் வீட்டில் உடையாமல் தப்பியதால்தான். அவருடைய துணைவியார் கே.பி. சுந்தராம்பாளின் இளமைக்காலக் குரலும் அப்படித் தட்டுகளில் தங்கியதே.

சென்னையில் வி.ஏ.கே. ரங்கராவ் பல்லாயிரம் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்தார். மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியது. இத்தகையவர்களின் அலமாரிக்குப் போன தட்டுகளும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் கட்டிலுக்கு அடியில் கிடந்தவையே. உங்கள் பெட்டியில் இருப்பது எல்லோரிடமும் இருக்கும் சினிமாப் பாட்டாக இருக்கலாம். வேறெங்கும் கிடைக்காத ஒரு நாடகத் தட்டாகவும் இருக்கலாம். கழுவி, லேபிளைப் படித்துப் பார்க்கும் வரை யாருக்குத் தெரியும்?

கழுவிய தட்டை ஒரு முறையாவது நல்ல ஊசியில் ஓட்டி, கணினியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கழுவும் முன் பதிவு செய்துவிட்டு, கணினியே இரைச்சலை நீக்கட்டும் என்று விடுவது சரியல்ல. கணினிக்கும் ஓரளவுக்கு மேல் தூசி எது, தாளத்தின் ஓசை எது என்று பிரிக்கத் தெரியாது. அளவு மீறி நீக்கினால் நாதஸ்வரத்தின் உயிரும் சேர்ந்து போய்விடும். முதலில் தண்ணீர் செய்ய வேண்டிய வேலையைத் தண்ணீர் செய்யட்டும்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவ உட்காராதீர்கள். முதலில் 78 வேறு, வினைல் வேறு என்று இரண்டாகப் பிரியுங்கள். பிறகு அதிகம் பிடிக்காத ஒரு வினைல் தட்டைக் கழுவிக் கை பழகுங்கள். கை பழகிய பின், வாரத்துக்கு இரண்டு தட்டு போதும். அப்பாவின் தட்டுகளில் எது தேறும், எது தேறாது என்பதை அந்தந்தத் தட்டே உங்களுக்குச் சொல்லிவிடும். தேறாததையும் எறிந்துவிடாதீர்கள், லேபிளில் பெயரும் எண்ணும் இருக்கும். அதைக் குறித்து வையுங்கள். அதே பாட்டின் தேயாத தட்டு ஒன்று வேறொரு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கக்கூடும்.